கைவிட்ட தேயிலை, மரக்கறி நிலங்களில் காட்டு மரங்கள்: மண்ணின் போசணைக்கு என்ன நடக்கிறது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நுவரெலியா, பதுளைப் பக்கங்களில் கைவிடப்பட்ட தேயிலைக் காணிகளிலும் பழைய மரக்கறித் தோட்டங்களிலும் உள்ளூர் மரங்களை நட விரும்புகிறவர்கள் நாற்று வாங்க வரும்போது கேட்கும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். பெரும்பாலானவை மண்ணைப் பற்றியவை. எந்த மரம், எவ்வளவு இடைவெளி என்ற கேள்விகளுக்குக் கடைசியில் சுருக்கமான பதில் உண்டு.

தேயிலை பிடுங்கிய காணியில் காட்டு மரம் நட்டால் மண் பழையபடி வளமாகுமா?

விவசாயியின் கணக்கில் பார்த்தால், உடனே ஆகாது. சில போசணைகள் முதல் சில ஆண்டுகளில் குறையவும் செய்யும். தேயிலை இருந்த காலத்தில் ஆண்டுக்குப் பல தடவை மூட்டை மூட்டையாகப் பசளை இறங்கியது. கொழுந்தோடு வெளியே போனதை அது ஈடுகட்டியது. காட்டு மரம் நட்டதும் மூட்டை நின்றுவிடுகிறது. ஆனால் கன்றுகள் தண்டும் வேரும் இலையும் கட்டுவதற்கு மண்ணிலிருந்து எடுக்கத் தொடங்கிவிடுகின்றன. ஆகவே பரிசோதனை அறிக்கையில் பொற்றாசியமோ நைதரேற்றோ இறங்கியிருந்தால் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஈரமான மலைக்காட்டில் போசணையின் பெரும் பங்கு மரத்திலும், உக்கிக்கொண்டிருக்கும் சருகிலும், மேல்மண்ணின் சில அங்குலத்திலும் சுற்றிக்கொண்டிருக்கும். அது சீட்டுக் காசு மாதிரி: எப்போதும் யாராவது ஒருவர் கையில் இருக்கும், பெட்டியைத் திறந்து பார்த்தால் காலி. மண்ணை மட்டும் அள்ளிப் பரிசோதிப்பது பெட்டியை மட்டும் பார்ப்பதுதான். மூட்டையை நம்பியிருந்த மண்ணைச் சருகை நம்பி வாழும் மண்ணாக மாற்றுவதுதான் இந்த வேலை. இந்தப் பக்கத்தில் உள்ள மற்ற பதில்களையும் இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

அப்படியானால் இந்த மண்ணில் குறைந்துபோனது என்ன?

முதலில் மண்ணே குறைந்துபோயிருக்கிறது. 1820களில் கோப்பிக்காகக் காடு வெட்டத் தொடங்கினார்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை கண்டிப் பக்கத்து லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் இலைத்துரு நோய் தலைகாட்டி, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி படுத்துவிட்டது. கோப்பி நின்ற சரிவுகளிலேயே தேயிலை ஏறியது. புல் ஒன்றுகூடத் தலைகாட்டக் கூடாது என்பது அந்தக் காலத்துத் துரைமாரின் கட்டளை. சுரண்டியால் மலையை வழித்துத் துடைத்தார்கள். எங்கள் பாட்டிமார் கையில் இருந்த அந்தச் சுரண்டி புல்லோடு மேல்மண்ணையும் கிளறிவிட்டது. மழை அதைக் கானில் (வடிகாலில்) இறக்கி ஆற்றில் சேர்த்தது. குற்றம் கட்டளையில்தான், சுரண்டியைப் பிடித்த கையில் அல்ல.

பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடக்கும் ஒரு மலையில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டிப் பாருங்கள். மேலே விரல் தடிப்புக்குத்தான் கருமண் இருக்கும். சில இடங்களில் அதுவும் இல்லாமல் வெள்ளைக் கற்துண்டுகள் பரவிக் கிடக்கும். அதற்குக் கீழே மஞ்சளும் சிவப்புமாக இறுகிய மண். மண்வெட்டி துள்ளும், அலவாங்கு வேண்டிவரும். தேயிலையின் பழைய ஆணிவேர் மட்டும் அந்த இறுக்கத்தைத் துளைத்துக்கொண்டு போயிருக்கும். இனி அதே மலையின் மேல் எல்லைக்கு ஏறி, காட்டோரத்தில் ஒரு குழி வெட்டுங்கள். மண்வெட்டி சத்தமில்லாமல் இறங்கும். பிடி மண்ணைப் பிசைந்தால் விரலில் கறுப்பு ஒட்டும். சருகுகளை ஒன்றோடொன்று தைத்ததுபோல வெள்ளைப் பூஞ்சை இழைகள் தெரியும். இரண்டு குழிகளுக்கும் இடையே சில நேரங்களில் ஒரு கான் அகலம்தான் இருக்கும்.

இரண்டாவது சிக்கல் புளிப்பு. அமோனியம் சல்பேற்றும் யூரியாவும் மண்ணில் நைதரேற்றாக மாறும்போது அமிலம் வெளிவருகிறது. கல்சியமும் மக்னீசியமும் மழையோடு கீழே இறங்கிவிடுகின்றன. புளிப்பை அளக்கும் பீ.எச். பெறுமானம் (எண் இறங்க இறங்கப் புளிப்பு கூடும்) 5க்குக் கீழே போனால் அலுமினியம் கரைந்து வேர் நுனிகளைத் தாக்குகிறது. தேயிலைக்கு அது பொருட்டே அல்ல: 4.5 முதல் 5.5 வரையில்தான் அது நன்றாக வளரும், முற்றிய இலையில் அலுமினியத்தைச் சேர்த்தும் வைத்துக்கொள்ளும். அந்த இலை விழுந்து உக்கும்போது அலுமினியம் மேல்மண்ணுக்கே திரும்பி வருகிறது. நீங்கள் நடப்போகும் கன்றுகள் எல்லாவற்றுக்கும் அந்தத் தாங்குதிறன் இல்லை.

சும்மா விட்டுவிட்டால் காடு தானாகவே வராதா?

காட்டுக்கு ஒட்டிய காணியென்றால் வரலாம். பறவை விதை கொண்டுவரும், ஓரத்திலிருந்து காடு மெல்ல நகரும். நடுமலையில் அது நடப்பது அரிது. அங்கே மானாப்புல் ஏறி, தை, மாசி வெயிலில் காய்ந்து, யாரோ போட்ட பீடித் துண்டில் எரிந்து, மழைக்கு மறுபடி துளிர்க்கும். ஒவ்வொரு தடவை எரியும்போதும் புல்லில் இருந்த நைதரசனின் பெரும்பகுதி புகையோடு போய்விடும். பொசுபரசும் பொற்றாசியமும் சாம்பலில் நிற்கும். சரிவில் அந்தச் சாம்பல் அடுத்த பெருமழை வரைதான் தாங்கும். தீயை நிறுத்தாமல் போசணையைப் பற்றிப் பேசிப் பயனில்லை. கன்று வாங்கும் காசில் முதல் பங்கைத் தீ எல்லை வெட்டச் செலவிடுங்கள் என்று நான் சொல்வது என் வியாபாரத்துக்கே நட்டம். ஆனாலும் அதைத்தான் சொல்வேன்.

மானாப்புல்லை எதிரியாகவும் நினைக்க வேண்டாம். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவகமே மறுநடுகைக்கு முன் மண்ணைத் தேற்றுவதற்காக மானா அல்லது குவாத்தமாலாப் புல்லை ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு வரை வளர்க்கச் சொல்கிறது. அதன் வேர்கள் இறுகிய மண்ணை உடைக்கும், வெட்டிப் போட்டால் சேதனப் பொருள் கூடும். எரிந்தால்தான் கேடு.

நைதரசன் எங்கிருந்து வரும்?

கொஞ்சம் மழையிலிருந்து வரும், கொஞ்சம் மண்ணில் தனித்து வாழும் நுண்ணங்கிகளிடமிருந்து. கணிசமாக வருவது அவரைக் குடும்பத்துச் செடிகளின் வேர்முடிச்சுகளிலிருந்து. பத்தனைப் புல்வெளிகளில் இயல்பாக வளரும் கிலுகிலுப்பை இனங்கள் இதற்கு நல்லவை. நடு உயரக் காணிகளில் கிளிசரீடியாவையும் முள்ளுமுருங்கையையும் சில ஆண்டுகளுக்குத் துணைமரமாக வைத்து, கிளைகளை வெட்டிக் கன்றடியில் போடலாம். குளிர் கூடிய உயரத்தில் கிளிசரீடியா சரியாக வளராது. அங்கே ஆசைப்பட்டுக் கறுப்பு வாட்டிலை நட்டுவிடாதீர்கள். நைதரசன் சேர்க்கும் மரம்தான், வேகமாக வளரும்தான். ஆனால் விதை பல ஆண்டுகள் மண்ணில் உறங்கிக் கிடந்து, வெட்ட வெட்ட முளைக்கும். ஒரு போசணைக்காக ஒரு ஆக்கிரமிப்பாளனைக் குடியேற்றிவிடுவீர்கள்.

முதல் இரண்டு மழைக்காலங்களில் கன்றின் இலை மஞ்சளாவதைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். காய்ந்த புல்லில் காபன் அதிகம், நைதரசன் குறைவு. அதை உக்க வைக்கும் நுண்ணங்கிகள் தங்கள் தேவைக்கு மண்ணில் இருக்கும் நைதரசனையும் எடுத்துக்கொள்கின்றன. அது தொலைந்து போகவில்லை, நுண்ணங்கிகள் மடிய மடியத் திரும்பி வரும். அதுவரை கன்றைச் சுற்றி இரண்டு முழ வட்டத்தில் புல்லை அடக்கி வைத்தால் போதும். வெட்டிய புல்லைத் தண்டில் ஒட்டாமல் போடுங்கள். தண்டோடு குவித்தால் அழுகும்.

பொசுபரசு? அதுதான் எங்கள் மண்ணில் இல்லை என்கிறார்களே.

இல்லை என்பதைவிட, இருந்தும் கைக்கு எட்டவில்லை என்பதே சரி. நம் செம்மஞ்சள் மண்ணில் இரும்பும் அலுமினியமும் பொசுபரசைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அந்தப் பிடியை முழுதாக விடுவிக்க யாராலும் முடியாது, காட்டாலும் முடியாது. காடு வேறு வழி வைத்திருக்கிறது.

மரத்தின் வேரோடு கூட்டு வைத்திருக்கும் பூஞ்சைகளின் இழைகள், வேர் எட்டாத துவாரங்களில் நுழைந்து பொசுபரசை எடுத்து மரத்துக்குக் கொடுத்து, பதிலுக்குச் சர்க்கரை வாங்கிக்கொள்கின்றன. மலைக்காட்டு மரங்களில் பெரும்பாலானவை இந்தக் கூட்டில் வாழ்பவை. அடுத்து, இலை பழுத்து விழுமுன் மரம் அதிலிருக்கும் பொசுபரசின் ஒரு பகுதியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. மிச்சம் சருகோடு விழுந்து உக்கும்போது, கனிய மண்ணைத் தொடுமுன்பே சருகுப் படைக்குள் பின்னிக் கிடக்கும் மெல்லிய வேர்கள் அதை வாங்கிவிடுகின்றன. இரும்பின் கைக்குப் போவதற்கு இடமே கொடுப்பதில்லை. ஆகவே சருகுப் படை தடிக்கும் வரை பொசுபரசு நெருக்கடி இருந்துகொண்டுதான் இருக்கும்.

இந்த நெருக்கடியைத் தாங்கும் முன்னோடிச் செடிகளை முதலில் நடுவது அதனால்தான். பொம்பு மரத்தைப் பாருங்கள். அலுமினியத்துக்குப் பயப்படாமல் அதைத் தன் இலையிலேயே சேர்த்துக்கொள்ளும். போவிட்டியாவும் புளிப்பு மண்ணில் தானே முளைத்து நிற்கும். அவற்றின் நிழலில் மற்றவை வரும்.

எங்களுடையது தேயிலை அல்ல, நுவரெலியாப் பக்கத்து மரக்கறி நிலம். இதே கதைதானா?

கிட்டத்தட்ட எதிர்க்கதை. கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு என்று போகத்துக்குப் போகம் பரிந்துரைத்த அளவுக்கு மேலாகப் பசளையும், கீழ்நாட்டிலிருந்து லொறியில் ஏறி வந்த கோழி எருவும் கொட்டிய நிலம் அது. நைதரசன் வந்த வேகத்திலேயே மழையோடு போய்விடும். பொசுபரசு போகாது. மண்ணில் ஒட்டிக்கொண்டு, பயிர்ச்செய்கையை நிறுத்திப் பல பத்தாண்டுகள் கழிந்தும் நிற்கும். மண் கரைந்தால் மட்டும் அதோடு ஓடும். கிரகரி வாவியில் பச்சையாகப் பாசி படர்வதற்கு மேலே இருந்து கரைந்து வரும் போசணையும் ஒரு காரணம்.

"இவ்வளவு பொசுபரசு இருந்தால் மரம் செழிக்குமே" என்பார்கள். செழிப்பது பெரும்பாலும் கிக்கூயுப் புல்லும் கொடியும் களையும்தான். குறைந்த போசணையில் வாழப் பழகிய காட்டுக் கன்றுகள், மிகுந்த போசணையை உடனே இலையாக்கும் புல்லோடு போட்டியிட முடியாமல் மூச்சுத் திணறும். பொசுபரசு தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் வேரோடு பூஞ்சை கூட்டுச் சேர்வதும் தளர்ந்துவிடுகிறது. இந்தக் காணிகளுக்கு நான் சொல்லும் வழி: பசளை, எரு எதுவும் போடாமல், முதல் இரண்டு மூன்று ஆண்டு புல்லை வெட்டி வெளியே கொண்டுபோங்கள். மாடு வைத்திருப்பவருக்குக் கொடுத்தால் அவருக்கும் நன்மை. ஒவ்வொரு கட்டுப் புல்லோடும் கொஞ்சம் பொசுபரசும் நிறையப் பொற்றாசியமும் வெளியேறும். மண் முழுதாகத் தெளிந்துவிடாது, களையின் மூர்க்கம் குறையும். தேயிலைக் காணியில் புல்லை வெட்டி அங்கேயே போடச் சொன்னேன். இங்கே வெளியேற்றச் சொல்கிறேன். நிலத்தின் பழைய கதையைக் கேட்காமல் ஒரே மருந்தை எல்லாக் காணிக்கும் எழுதிக்கொடுக்கும் ஆலோசகர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

மரம் வளர்ந்தால் புளிப்பு குறையும்தானே?

அப்படி நம்பிவிடாதீர்கள். இங்கிலாந்தில் ரொதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் 1880களில் இரண்டு வயல் துண்டுகளைப் பயிரிடாமல் விட்டார்கள்; இரண்டும் காடாகிவிட்டன. சுண்ணாம்பு நிறைந்திருந்த புரோட்பால்க் துண்டில் பீ.எச். பெரிதாக மாறவில்லை. சுண்ணாம்பு இல்லாத கீஸ்குரொப்ட் துண்டில் 7 அளவில் இருந்த பீ.எச்., ஒரு நூற்றாண்டில் 4.5க்கும் கீழே இறங்கியது. அதில் தொழிற்சாலைப் புகைக்கும் பங்குண்டு என்றாலும், வளரும் மரம் கல்சியத்தை எடுத்துத் தண்டில் பூட்டிவைப்பதும் சருகு உக்கும்போது அமிலம் பிறப்பதும் எங்கும் நடப்பவைதான்.

நம் மலைக்காட்டு மண் இயல்பாகவே புளிப்பானது. பக்கத்துக் காட்டு மண்ணில் பீ.எச். எவ்வளவோ அதுதான் உங்கள் இலக்கு. கரட் பாத்திக்குரிய எண் அல்ல. உங்கள் மண் அதைவிட மிகவும் கீழே இருந்தால் மட்டும், நடுகுழியில் ஒரு பிடி டொலமைட் (கல்சியமும் மக்னீசியமும் உள்ள சுண்ணக்கல் தூள்) போடலாம். காணி முழுதும் தூவுவது காசை வீணாக்குவது, களைக்கும் விருந்து.

பைன், யூகலிப்டஸ் நட்டிருக்கிறோமே, அதுவும் காடுதானே?

நிழல் உண்டு. கரீபியன் பைனின் ஊசிச் சருகு மெல்ல உக்கும். நைதரசன் குறைந்தது, தீப்பற்றும் தன்மை கூடியது. ஆனால் பைனை உடனே வெட்டிச் சாய்க்கவும் வேண்டாம். வெட்டினால் சரிவு திறந்துபோய் மண் ஓடும். சிங்கராஜ வனத்தின் ஓரத்தில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சாவித்திரி, நிமல் குணதிலக்க ஆகியோரும் மார்க் அஷ்டனும் 1990களில் செய்த பரிசோதனையில், பைன் வரிசைகளை இடையிடையே எடுத்து வெளிச்சம் விட்டு, அதன் கீழ் உள்ளூர் மரக் கன்றுகளை நட்டு வளர்த்துக் காட்டினார்கள். அது தாழ்நிலக் காடு. மரங்களின் பட்டியல் நமக்குப் பொருந்தாது, முறை பொருந்தும்.

எத்தனை ஆண்டுகளில் மாற்றம் தெரியும்?

வரிசையாகத் தெரியும். சருகுப் படையும் மண்புழுவும் ஐந்தாறு ஆண்டுகளில். மேல் இரண்டு அங்குலத்தில் சேதனக் காபன் கூடுவது பத்தாண்டு அளவில். ஆழமான மண்ணில் மாற்றம் உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்தில். முன்பு சொன்ன புரோட்பால்க் துண்டில் மேல்மண்ணின் காபன் இரண்டு மடங்குக்கும் மேல் கூடியது, ஆனால் அதற்கு ஒரு நூற்றாண்டு எடுத்தது. மூன்று ஆண்டில் மண் திருந்தியதாக விளம்பரம் செய்பவர்களிடம், எந்த ஆழத்தில் மண் எடுத்தீர்கள் என்று கேளுங்கள்.

அக்கரப்பத்தனைப் பகுதியில் கைவிடப்பட்ட தேயிலை நிலத்தை மீண்டும் முகில்காடாக மாற்றும் வேலையில் இறங்கிய உயிரியல் ஆய்வாளர் ரொஹான் பெத்தியாகொடவுக்கு 2000இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. இந்த முயற்சி நம் மலைக்குப் புதிதல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

நடும்போது பசளை போடலாமா?

தேயிலைக் காணியில் குழிக்கு ஒரு கூடை நன்றாக உக்கிய கூட்டெருவும், பக்கத்துக் காட்டோரத்து மேல்மண் ஒரு பிடியும் போடுங்கள். அந்தப் பிடி மண் போசணைக்காக அல்ல, பூஞ்சைக்காக. ஒதுக்கக் காடுகளுக்குள் போய் மண் அள்ளாதீர்கள், அது சட்டத்துக்கும் புறம்பு. இரசாயனப் பசளையைப் பொறுத்தவரை எனக்கு வெறுப்பும் இல்லை, பக்தியும் இல்லை. 2021இல் ஒரே இரவில் அதைத் தடை செய்து, அதே ஆண்டு நவம்பரில் தடையை விலக்கிக்கொண்ட கூத்தில் தோட்டங்கள் பட்ட பாட்டை எல்லாரும் பார்த்தோம். தேயிலைக்கு அது வேண்டும். காட்டுக் கன்றுக்குத் தேவைப்படுவது அரிது.

மண் பரிசோதனைக்கு எப்படி மண் எடுப்பது?

சருகை ஒதுக்கிவிட்டு 15 சென்ரிமீற்றர் ஆழம் வரை ஒரு மாதிரி, 15 முதல் 30 வரை இன்னொன்று. காணியில் பல இடங்களில் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்துங்கள். மேடு, பள்ளம், கான் ஓரம் ஆகியவற்றைக் கலக்க வேண்டாம். அருகிலுள்ள காட்டிலும், நடாமல் விட்ட துண்டிலும் அதேபோல எடுங்கள். ஒப்பிட ஆள் இல்லாத எண்ணுக்கு அர்த்தமில்லை. மறுமுறை எடுக்கும்போது அதே மாதத்தில் எடுங்கள், ஏனென்றால் நைதரேற்று மழைக்கு மழை மாறும். அறிக்கையில் பீ.எச்., சேதனக் காபன், மொத்த நைதரசன், கிடைக்கும் பொசுபரசு, பொற்றாசியம், கல்சியம், மக்னீசியம் இருந்தால் போதும். முடிந்தால் குறித்த கனவளவு மண்ணை உலர்த்தி நிறுத்துப் பாருங்கள். இறுகிய மண் தளர்ந்து எடை குறைவது, மற்ற எண்கள் அசைவதற்கு முன்பே தெரியும் நல்ல அடையாளம்.

எந்த மரங்கள்? எப்போது நடுவது?

ஐயாயிரம் அடிக்கு மேல்: முதலில் பொம்பு, போவிட்டியா, காட்டு நெலு, அவை மூடிய பிறகு கீன, மலை நாவல் இனங்கள், மகரத்மல். அதற்குக் கீழே: கெடும்ப முதலில், பின்னர் நாகமரம், கெக்குன, காட்டுப்பலா. இரண்டு மீற்றர் இடைவெளி போதும். மேற்குச் சரிவில் தென்மேல் பருவ மழை பிடித்ததும், ஊவாப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் நடுங்கள். நுவரெலியாவில் மார்கழிக்குப் பின் நட்டால் உறைபனி கருக்கிவிடும்.

கைவிட்ட தேயிலை எல்லாவற்றையும் காடாக்க வேண்டுமா?

வேண்டாம். லயத்தில் வாழ்பவர்களுக்கு வீடு கட்ட ஒரு சிறு துண்டுக் காணி கொடுப்பதே பெரும் இழுபறியாக இருக்கும் நாட்டில், சமமான தரிசு நிலத்தை அவர்கள் தலைக்கு மேலாகக் காடு என்று வேலி அடைப்பது நியாயமல்ல. அது அவர்களின் மரக்கறிக்கும் மாட்டுக்கும் போகட்டும். நீரூற்றுத் தலை, ஓடைக் கரை, தேயிலைகூடப் பிடிக்காத செங்குத்து, கற்பாறை இடுக்கு இவைதான் காட்டுக்கு உரியவை. ஓடைக் கரையில் நடும் பத்து மீற்றர் அகலமே மேலிருந்து வரும் போசணையில் கணிசமானதைத் தடுத்து நிறுத்தும்.

வளர்ந்த பிறகு விறகு எடுக்கலாமா?

அடுப்பு எரிய வேண்டும், எடுக்கத்தான் செய்வார்கள். எதை எடுக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம். மரத்தின் எடையில் பெரும்பகுதி தண்டு. போசணை அடர்ந்திருப்பது இலையிலும் சுள்ளியிலும் பட்டையிலும். கை தடிப்புக்கு மேற்பட்ட கிளையை எடுத்து, இலையையும் மெல்லிய சுள்ளியையும் அங்கேயே உதறிவிட்டு வந்தால் காட்டுக்குப் பெரிய நட்டமில்லை. மிலாறும் இலையுமாகக் கட்டித் தூக்குவதும், மரக்கறிப் பாத்திக்கு எரு வேண்டுமென்று சருகை வாருகோலால் வழித்து எடுப்பதும் வேறு கதை. இரண்டு மழைக்காலம் சருகை வாரினால் குழி வெட்டாமலே தெரியும்: மேலே மறுபடியும் வெள்ளைக் கற்துண்டுகள் தலைநீட்டும்.